இஷ்ட விரோதி

எங்கள் பாரிஜாதம் நகர் ஈ பிளாக்கில் நல்லவர்கள் யாரும் குடியிருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டை ஒட்டி நாலு மாடி, பதினாறு வீடு, ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஆனால் வயிற்றெரிச்சல் மட்டும் வீட்டுக்கு வீடு தனித்தனி. செருப்பு விடுகிற இடத்துக்குச் சண்டை, மோட்டார் போடுகிற நேரத்துக்குச் சண்டை, யார் வீட்டுக் கருவாட்டு வாசனை யார் வீட்டுக்குள் போனது என்பதற்குச் சண்டை. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுக்கும்போதுகூட, போன வருஷம் அவர்கள் கொடுத்த அதிரசம் எவ்வளவு கல்லாக இருந்ததோ அதைவிடக் கொஞ்சம் கல்லாகச் சுட்டுக் கொடுக்கிற ஜனங்கள் நாங்கள். இப்படிப்பட்ட கட்டடத்துக்குள்தான் கர்லாக்கட்டை வந்தது.

கொண்டுவந்தவள் மூன்றாம் மாடி குமுதவல்லி. டவுன் பஸ் கண்டக்டர். இருபத்துநாலு வருஷமாக ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்து, மறு கையால் டிக்கெட் கிழித்து, தோளில் பையையும் மாட்டிக்கொண்டு, பள்ளம் மேடெல்லாம் ஆடி ஆடி, கடைசியில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்டவே மகள் தமயந்தியைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஊசி போட்டார்கள், மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அவள் பஸ்ஸில் வருகிற மஸ்தான் வாத்தியார், பேகம்பூர்ப் பக்கம் தேகப்பயிற்சி சாலை வைத்திருந்தவர், இவள் சில்லறை கொடுக்கவே முகம் சுளிக்கிறதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, பூசணிக்காயை இழுத்து நீட்டினதுபோல அடி பருத்து நுனி மெலிந்த இரண்டு கர்லாக்கட்டைகளைக் கையில் கொடுத்தார்.

சுற்றுகிற முறையையும் அவரே காட்டினார். கட்டையைத் தோளுக்கு மேல் ஏற்றி, முழங்கை காதை உரச, கட்டை முதுகுத்தண்டை ஒட்டித் தொங்கி விழுந்து, மறுபக்கம் சுற்றி வந்து நெஞ்சுக்கு நேரே நிற்க வேண்டும். கையால் இழுக்கக் கூடாது, கட்டையின் பாரமே தோளைத் திறக்க வேண்டும். இருபத்தேழு சுற்று முடிந்ததும் வாய்விட்டு ‘மாத்து’ என்று சொல்லிக் கட்டையை அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும்.

“மனசு அலையக் கூடாதும்மா,” என்றார் வாத்தியார். “அலைஞ்சா கட்டை மண்டைல போட்டுரும். யாராச்சும் ஒருத்தர மனசுல நிப்பாட்டிக்க. சாமியோ, தர்காவுல அடங்குன பீரோ, ஒனக்கு யாரு நிப்பாங்களோ அவங்க.”

குமுதவல்லி முதலில் கோட்டை மாரியம்மனைத்தான் நிறுத்திப் பார்த்தாள். மூன்றாவது சுற்றிலேயே அம்மன் கலைந்து கேஸ் சிலிண்டர் வந்தது, சிலிண்டர் போய் டெப்போ மேனேஜர் வந்தார். எத்தனை சுற்றினாலும் கலையாமல், இமைகூட ஆடாமல், மூக்குத்திக் கல் முதற்கொண்டு பளிச்சென்று நின்ற முகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இரண்டாம் மாடியில், அவளுக்கு நேர் கீழ் வீட்டில், பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற சலேத்மேரியின் முகம். மற்றவர்களுக்கு இஷ்ட தெய்வம் இருக்கும், குமுதவல்லிக்கு இருந்தது இஷ்ட விரோதி.

அந்த விரோதத்துக்கு அப்போது பத்து வயது. குமுதவல்லி மேலே காயப்போட்ட வெள்ளைப் போர்வையிலிருந்து சொட்டு நீலம் வடிந்து, சலேத்மேரி கீழே தைத்து மாட்டியிருந்த நாற்பது வெள்ளைச் சட்டைகளில் விழுந்தது. கான்வென்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சலேத்மேரி மாடியேறி வந்து கேட்டாள். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். குமுதவல்லி, “ஈரத்துணி சொட்டத்தான் செய்யும், ஒன் சட்டைய நீ உள்ள மாட்டு” என்று கதவைச் சாத்தினாள். அன்றையிலிருந்து அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை, படிக்கட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் நாங்கள் இங்கே எழுத முடியாத வார்த்தைகளில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, மொட்டை மாடியில், குமுதவல்லி இருபத்தேழாவது சுற்றை முடித்து ‘மாத்து’ என்றபோது, அவள் தோள் வலி ஸ்டாப்பிங் வந்ததும் இறங்குகிற பயணியைப் போல இறங்கிப் போய்விட்டது. அதே நிமிஷம் இரண்டாம் மாடியில் தையல் மிஷின் நின்றது. சலேத்மேரியின் வலது கை தானாக எழுந்து, இல்லாத கம்பியைத் தேடிப் பிடித்தது; உட்கார்ந்த நாற்காலியிலேயே உடம்பு பள்ளத்தில் இறங்கி ஏறியது; வாய் அவளைக் கேட்காமல், “உள்ள போங்க, உள்ள போங்க, படில நிக்காதீங்க” என்றது. யாருடைய வலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரிடம் போகவில்லை, சாமியாரிடம் போகவில்லை, நேராக பேகம்பூருக்குப் போய் இரண்டு கட்டை வாங்கிவந்தாள். வியாழக்கிழமை காலையில் வலி மூன்றாம் மாடிக்குத் திரும்பிவிட்டது.

அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த ஒரு வலி மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, அந்த வலிக்கு மட்டும் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு மற்ற பதினாலு வீடு சும்மா இருக்குமா? ஆளுக்கு இரண்டு கட்டை வாங்கினோம். வாகைக் கட்டை, புளியங்கட்டை, எந்தக் கட்டையானாலும் எங்கள் பிளாக்கில் சுற்றினால் வேலை செய்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும்போது ஏன் வருகிறது என்று எவன் கேட்பான்? காலையில் ஐந்தரை முதல் எட்டரை வரை வீட்டுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்தோம். விடிந்தால் மாடியில் உஸ் உஸ் என்று கட்டை காற்றை அறுக்கிற சத்தமும், இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு, மாத்து என்கிற சத்தமும், அடுத்த நொடியில் ஏதோ ஒரு வீட்டிலிருந்து ‘அய்யோ’ என்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வலிகளுக்குக் கையெழுத்து இருந்தது. பரோட்டா மாஸ்டர் வலி வந்தால் உள்ளங்கை மேஜையைத் தட்டும், டைப்பிஸ்ட் அம்மா வலி வந்தால் கழுத்து இடது பக்கமாகச் சாயும், பால்காரர் வலியில் மாட்டு வாசனை அடிக்கும். வந்தது யாருடையது என்று கண்டுபிடித்து, அதை அவனுக்கே திருப்புவதா, அவனைவிட மோசமான இன்னொருவனுக்குத் தள்ளுவதா என்று காபி குடித்துக்கொண்டே யோசிப்போம். தோள்களெல்லாம் திரண்டு, முதுகு நிமிர்ந்து, ஐம்பது வயது ஆட்கள்கூடத் தண்ணீர்க் குடத்தை ஒரே கையில் தூக்கிப் போனார்கள். இவ்வளவு ஆரோக்கியமான, இவ்வளவு பொல்லாத ஜனங்கள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

சங்கச் செயலாளர் கோதண்டபாணி கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினார். பரீட்சைக் காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்களை நினைக்கக் கூடாது. துக்க வீட்டாரைப் பதினாறு நாளைக்கு நினைக்கக் கூடாது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள யாரையும் எந்தக் காரணம் கொண்டும் நினைக்கக் கூடாது. இந்தக் கடைசித் தீர்மானத்தை முன்மொழிந்தவள் குமுதவல்லிதான். “பெரியவங்க சண்டைல பிள்ளைக தோளு போகக் கூடாது” என்று எழுந்து நின்று சொன்னாள். சலேத்மேரியும் ஆதரித்துக் கையைத் தூக்கினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

அந்தத் தீர்மானம் யாருக்காக என்று எங்களுக்குத் தெரியும். தமயந்தி இரும்புக் குண்டு எறிகிறவள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தவள். அவளுக்கு இருபத்துநாலு முடியப்போகிறது, ரயில்வே விளையாட்டுக் கோட்டாவில் சேர இருபத்தைந்துதான் எல்லை, தேர்வு திருச்சியில் ஒரு புதன்கிழமை காலை. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு கிடையாது. அப்பா இல்லாத பிள்ளை. குமுதவல்லி அந்த மகளை வைத்துத்தான் பஸ்ஸின் ஆட்டம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தாள், அதை நான் மறுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வலி குமுதவல்லியிடம் இருந்தது, சலேத்மேரி ஞாயிற்றுக்கிழமை அனுப்பியது. குமுதவல்லி மாடியில் கட்டையைத் தூக்கினாள். கீழே தண்ணீர்த் தொட்டியை ஒட்டின மணலில் தமயந்தி கடைசிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து. மேலே கட்டை முதுகில் இறங்கி ஏறியது, மூக்குத்திக் கல் பளிச்சென்று நின்றது. இருபத்தாறு. கீழே குண்டு மணலில் தொப்பென்று விழுந்தது. விழுந்த சத்தத்தை வைத்தே தூரம் கம்மி என்று குமுதவல்லிக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, முழங்கை எறங்குதே, நாளைக்கும் இப்படியே எறங்கினா என்ன செய்வா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்தேழு. வாய் பழக்கத்தில் ‘மாத்து’ என்று சொல்லிவிட்டது.

மணலில் நின்ற தமயந்தியின் கையிலிருந்து அடுத்த குண்டு நழுவியது. அவள் கை மேலே எழுந்து கம்பியைத் தேடியது.

மிஷினை விட்டு எழாத சலேத்மேரியைத் தவிர எல்லா வீடும் இறங்கி ஓடினோம். பரிதாபத்தில் ஓடினோம் என்று நினைக்காதீர்கள், தீர்மானத்தை மீறியது யார் என்று பார்க்கத்தான் ஓடினோம். அந்தப் பெண் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, “படில நிக்காதீங்க, படில நிக்காதீங்க” என்று முனகிக்கொண்டிருந்தாள்.

“இது ஒங்க வலிதானேம்மா குமுதவல்லி?” என்றார் கோதண்டபாணி. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “பெத்த பொண்ணு மேல அப்படி என்ன வஞ்சம்?”

“வஞ்சமா? எம்புள்ள மேல எனக்கா? நாக்கு அழுகிரும்யா ஒனக்கு!”

வாத்தியாருக்குப் போன் போட்டு, சைக்கிளில் வரவழைத்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்து, முதல்முறையாக, அசிங்கத்தை மிதித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருசமா இதுக்குத்தான் சுத்துறீங்களா? கட்டைக்கு வெறுப்பு எது, பிரியம் எதுன்னு என்னய்யா தெரியும்? மாத்துன்னு சொல்றப்ப மனசுல யாரு நிக்கிறாங்களோ அவங்ககிட்டப் போகும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.”

ஒவ்வொருவரும் உள்ளுக்குள் பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். டைப்பிஸ்ட் அம்மாவின் கழுத்து வலி பெண்டாட்டி இல்லாத முதல் மாடிக்காரர் வீட்டுக்கு ஏன் மூன்று தடவை போனது என்று டைப்பிஸ்ட் அம்மாவின் புருஷன் யோசிப்பது அவர் நெற்றியில் தெரிந்தது. என்னை எடுத்துக்கொள்ளுங்கள், என் மனைவியின் முழங்கை வலி இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் வந்ததில்லை. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அவளே சுத்தி எங்கிட்ட அனுப்பட்டும்,” என்றாள் குமுதவல்லி. “எங்கிட்டருந்து போனதுதான, எங்கிட்டயே வரட்டும். எந்திரிடி. கட்டையப் பிடி.”

தமயந்தி அசையவில்லை. “வேணாம்மா. விடு. நாளைக்குப் பாத்துக்குறேன்.”

“என்னத்தப் பாத்துப்ப? தோளு தூக்க முடியாம என்னத்த எறிவ? இந்த ஒரு நாளுக்காகத்தான்டி நான் இருபத்தாறு வருசமா தொங்கிக்கிட்டு நின்னேன்!”

கட்டையைத் திணித்தாள். எதிரே போய், இரண்டு கையையும் விரித்து, மழைக்கு நிற்பதுபோல நின்றாள். “என்னையே பாரு. என் மூஞ்சிய மட்டும் நெனை.”

தமயந்தி சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இருபத்தேழு வரை நாங்கள்தான் எண்ணினோம், அவளால் எண்ண முடியவில்லை. ‘மாத்து’ என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குமுதவல்லி கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, வலியை வாங்கத் தயாராக நின்றாள்.

வலி வரவில்லை.

இரண்டாம் மாடியில் தையல் மிஷின் நின்றது. “யேசுவே” என்று ஒரு குரல். பிறகு, “உள்ள போங்க, உள்ள போங்க…”

தமயந்தியின் கை சுலபமாக இறங்கியது. தூக்கினாள், சுழற்றினாள், வலி சுத்தமாக இல்லை. குமுதவல்லி கண்ணைத் திறந்து, கைதட்டிச் சிரித்தாளே பார்க்கலாம்!

“எம்பொண்ணுடி! அடி என் ராசாத்தி! நான் என்னைய நெனைன்னு சொன்னா அவ யாரைப் போட்டுருக்கா பாத்தீங்களா? சரியான எடத்துல எறக்கிட்டா! சோத்தோடயே ஊட்டுன வஞ்சமாச்சே அது!”

நாங்கள் யாரும் கூடச் சிரிக்கவில்லை. வாத்தியார் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தமயந்தி அம்மாவைப் பார்க்காமல் இரண்டாம் மாடி பால்கனியைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் குமுதவல்லியின் சிரிப்பு பாதியில் நின்றது.

எங்களுக்கெல்லாம் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். குமுதவல்லி பஸ்ஸோடு கிராமத்தில் ராத்தங்குகிற நைட் ஹால்ட் டூட்டிக்குப் போன நாட்களில் அந்தப் பிள்ளை பின்பக்க ஏணியில் இறங்கி எங்கே போய்ச் சாப்பிட்டது, யார் தலை பின்னிவிட்டது, பெரியவளானபோது முதலில் யாரிடம் ஓடிப்போய்ச் சொன்னது, அவளுடைய விளையாட்டு ட்ரவுசர்களை எந்த மிஷின் தைத்தது, எல்லாம் தெரியும். ஒருவர்கூடக் குமுதவல்லியிடம் சொல்லவில்லை. அவள் மனம் நோகும் என்று மறைத்தோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கிறது என்கிற ருசியை விட மனமில்லை.

கோதண்டபாணிதான் கடைசியில் சொன்னார். “ஏம்மா, வாத்தியார் சொன்னது காதுல விழலியா? வஞ்சம்னு ஏன் எடுத்துக்குறீங்க?”

குமுதவல்லி மகளைப் பார்த்தாள். “ஏய். என்னடி சொல்றாரு இவரு?”

“ஒன்னையத்தாம்மா நெனைக்கப் பாத்தேன்,” என்றாள் தமயந்தி. “சத்தியமா பாத்தேன். நீ நிக்கலம்மா.”

புதன்கிழமை தமயந்தி திருச்சிக்குப் போனாள். பதினாலரை மீட்டர் எறிந்தாள். எடுத்துக்கொண்டார்கள், பொன்மலையில் வேலை, அங்கேயே தங்க இடம். பிளாக்கே கூடி இனிப்பு வாங்கித் தின்றோம், தின்றுகொண்டே எவ்வளவு நாள் நிலைக்கும் பார்ப்போம் என்றும் பேசிக்கொண்டோம். குமுதவல்லி இனிப்பு கொடுக்கவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தைரியமில்லை.

மகள் பெட்டியோடு கிளம்பிப்போன மறுநாள் காலை, குமுதவல்லி இரண்டு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டாம் மாடியில் நின்றாள், கதவைத் தட்டினாள். மேலும் கீழுமாகப் படிக்கட்டு முழுக்க நாங்கள் நின்றோம்.

சலேத்மேரி கதவைப் பாதி திறந்தாள். வலது கையை முந்தானையில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“அனுப்பிரு,” என்றாள் குமுதவல்லி. கட்டையை நீட்டினாள். “ஒரு வாரமாச்சு. நீ அனுப்புவ அனுப்புவன்னு தெனம் காலைல எந்திரிச்சு ஒக்காந்துருக்கேன். எம் மூஞ்சிதான் ஒனக்கு நல்லா நிக்குமே. சுத்தி அனுப்பு.”

“மாட்டேன்.”

“அது என் வலிடீ. என் பஸ்ஸு வலி.”

“ஒன் பஸ்ஸுதான். ரெண்டு வருசமா ஏறி எறங்குற பஸ்ஸு எனக்குத் தெரியாதா?” சலேத்மேரியின் குரலில் கருணை கிருணை ஒன்றும் இல்லை, சட்டையில் நீலம் சொட்டின அன்றைக்கு இருந்த அதே குரல்தான். “நீ அனுப்புனப்பல்லாம் திருப்பி அனுப்புனேன்ல? இத நீ அனுப்பல. அவ குடுத்தது. நான் யாருக்கும் மாத்தித் தர மாட்டேன்.”

“கை போயிரும்டி. தைக்க முடியாது.”

“போகட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது, ஒற்றைக் கையால் துணியைத் தள்ளுகிற மிஷின் எப்படி ஓடுமோ அப்படி, நின்று நின்று. குமுதவல்லி ஒரு வசவு வார்த்தைக்காக வாயைத் திறந்தாள், நாங்களும் காதைத் தீட்டிக்கொண்டோம். அவளோ கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நன்றாகத் தலைக்கு மேல் தூக்கி, அந்தக் கதவில் உள்ளங்கைகளை ஊன்றி, நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

“குடுத்துருடி,” என்றாள். “சலேத்து, குடுத்துருடி. கொஞ்சமாச்சும் குடு.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.